எங்கள் ஊர் எல்லையை எழுதிய சுவீடன் அக்கா

என் ஸ்கூட்டியில் இதுவரை ஏறியவர்களிலேயே உயரமானவர் சுவீடனிலிருந்து வந்த ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர். பின்சீட்டில் அவர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இரண்டும் எனக்கு இரண்டு பக்கமும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பாகூர் ஏரிக்கரையில் நாங்கள் போகும்போது களையெடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், குனிவார்கள், மறுபடியும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் எல்லாருக்கும் கையை ஆட்டுவார். வண்டியும் ஆடும்.

நான் பிறந்தது அபிஷேகப்பாக்கத்தில். கல்யாணமாகி வந்தது பாகூருக்கு. வீட்டில் நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிறார்கள். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் பழைய கல்லூரிப் பேராசிரியை போன் செய்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார், ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருத்தி கூட வர வேண்டும், உனக்கு முடியுமா என்று கேட்டார். என் கணவரைக் கேட்டேன். "போய்ப் பாரேன். புடிக்கலன்னா வந்துடு" என்றார். அவ்வளவு சுலபமாகத்தான் அது ஆரம்பித்தது.

முதல் நாள் நான் "மேடம்" என்று கூப்பிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் நாட்டில் மாணவர்கள்கூட ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். ஐம்பதைத் தாண்டிய ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ரெண்டு நாள் எப்படியும் கூப்பிடாமலே ஓட்டினேன். பிறகு "அக்கா" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "அப்படியென்றால் நீ எனக்குத் தங்கை. சரி" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அக்காதான்.

அவருடைய ஊர் சுவீடனின் வடகோடியில், ஒரு ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சுவீடன், அந்தப் பக்கம் பின்லாந்து. இரண்டு கரையிலும் ஒரே சனங்கள், ஒரே பேச்சு, கொள்வினை கொடுப்பினை எல்லாம் உண்டு. எப்போதோ இரண்டு ராஜாங்கங்கள் சேர்ந்து ஆற்றின் நடுவில் கோடு போட்டுவிட்டன. அக்காவின் அம்மா, அப்பா காலத்துப் பள்ளிக்கூடங்களில் வீட்டுப் பேச்சைப் பேசக் கூடாது, சுவீடன் மொழிதான் பேச வேண்டும். அந்தப் பயத்தில் அக்காவின் அம்மா சொந்தப் பிள்ளைகளிடமே வீட்டுப் பேச்சைத் தயங்கித் தயங்கித்தான் பேசியிருக்கிறார். அப்பா மரம் அறுக்கிற மில்லில் வேலை. அந்தக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அக்காதான். முதலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு முனைவர் பட்டம் வாங்கி, தன் ஊர் ஆற்றைப் பற்றியே முதல் புத்தகத்தை எழுதினார்.

அந்தப் புத்தகம் அவருக்குப் பேர் வாங்கித் தரவில்லை. நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சின்ன ஊரின் கதைதானே என்று சொல்லிவிட்டார்கள். பேராசிரியர் பதவிக்கு இரண்டு தடவை விண்ணப்பம் போட்டு இரண்டு தடவையும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. இதையெல்லாம் அவர் அழுது சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழைக் கருவாட்டோடு குடித்துக்கொண்டே சொன்னார். அவர்கள் ஊரிலும் பார்லியில் இப்படித்தான் கஞ்சி வைப்பார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்த வெளியாட்களில் இரண்டாவது சொம்பு கூழ் கேட்டு வாங்கிக் குடித்தவர் அவர் ஒருவர்தான்.

தன் ஊர்க் கதை சின்ன ஊர்க் கதை இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஊர் வேண்டும் என்றுதான் அவர் உலகப் படத்தை விரித்து வைத்துத் தேடியிருக்கிறார். புதுச்சேரியின் படத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். எங்கள் பகுதி அப்படித்தான். வில்லியனூர்ப் பக்கம் ஒரே ரோட்டில் போய்க்கொண்டே இருந்தால் புதுச்சேரி வரும், தமிழ்நாடு வரும், மறுபடியும் புதுச்சேரி வரும். பாகூரைச் சுற்றித் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். இன்றைக்குப் பிராந்திக் கடையை வைத்துத்தான் எங்களுக்கு எல்லை தெரிகிறது. கடை வந்துவிட்டால் நம்ம ஊர் வந்துவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன், மறுபக்கம் முதலில் இங்கிலீஷ்காரன், பிறகு இந்தியா. கோட்டில் சுங்கச் சாவடிகள். வயலுக்குப் போகிறவன்கூடச் சாவடியில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இதெல்லாம் எனக்கு ஏதோ காதில் விழுந்த செய்தி. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அக்கா வந்து கேட்ட பிறகுதான் எனக்கும் கேட்கத் தோன்றியது.

முதல் பத்து வீடுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா சுவீடனிலேயே தமிழ் கற்றுக்கொண்டு வந்திருந்தார். புத்தகத் தமிழ். எண்பது வயதுக்காரர் ஒருவரிடம் போய், "தாங்கள் இளமையில் எல்லையைக் கடந்ததுண்டா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்து, "இன்னாமா கேக்குது இந்தம்மா?" என்றார். நான் விளக்கினேன். அவர், "எல்லையெல்லாம் நாம்ப போனதில்லியேமா. வயலுக்குப் போவோம், வூட்டுக்கு வருவோம்" என்று முடித்துவிட்டார். மற்ற வீடுகளிலும் காபி, சோடா, பிஸ்கெட் எல்லாம் கிடைத்தது. பேச்சு மட்டும் கிடைக்கவில்லை.

அக்கா சோர்ந்து போகவில்லை. பேட்டி எடுப்பதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து கேட்டார். டீக்கடையில், ரேஷன் கடை வாசலில், பஸ் நிறுத்தத்தில். எங்கள் சனங்கள் எதற்கெடுத்தாலும் "அந்தாண்ட", "இந்தாண்ட" என்று பக்கம் பிரித்துச் சொல்வதைக் கவனித்தார். அவருடைய ஊரிலும் பின்லாந்துக்குப் போகிறவர்கள் நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார்களாம், அந்தக் கரைக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார்களாம். எல்லை என்பது சர்க்கார் வார்த்தை, இவர்கள் வார்த்தையில் கேட்கலாம் என்றார். நான் தலையை ஆட்டினேன். பத்து வீடும் கூடவே போனவள், எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை.

அடுத்து நாங்கள் போனது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வீட்டுக்கு. இந்தக் கதையில் அவரைப் புடவைக்காரம்மா என்றே சொல்கிறேன். காது நன்றாகக் கேட்கும், வாயும் நன்றாகப் பேசும். ஆனால் அன்றைக்கு அவரும் முதலில் பிடி கொடுக்கவில்லை. அந்தாண்ட போய் வந்ததுண்டா என்று அக்கா கேட்டதும், "போனேன் வந்தேன், அதுக்கு இன்னா இப்ப?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டார். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய தமிழ் தடுக்கிய இடத்தில் நான் எடுத்துக்கொடுத்தேன். யுத்தம் முடிந்த காலத்தில் பின்லாந்தில் காபிக்கொட்டை சுலபத்தில் கிடைக்காது. அக்காவின் அம்மா அப்போது சின்னப் பெண். குளிர்காலத்தில் ஆறு உறைந்து தரை மாதிரி ஆகிவிடும். மேல்சட்டைக்குள்ளே வயிற்றைச் சுற்றிக் காபிக்கொட்டைப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு, பனியில் சறுக்குகிற நீளக் கட்டைகளைக் காலில் மாட்டி, ஆற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு அந்தக் கரைக்குப் போவாராம். சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று காவலாளியிடம் சொல்வாராம். "போகும்போது அம்மா குண்டு. வரும்போது ஒல்லி" என்றார் அக்கா.

புடவைக்காரம்மா முகத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே வராத சிரிப்பு. தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. என் முழங்காலைத் தட்டி, "ஏ பொண்ணே, இந்தம்மாவோட அம்மாவும் நம்ம ஆளுதான்டி" என்றார்.

"நானு பொடவ கட்டிகினு போவேன். ஒண்ணு மேல ஒண்ணா நாலு பொடவ. பாண்டிச் சீமத்துணி, நைசா இருக்கும். அந்தாண்ட எங்க அக்கா வூடு. சாவடிக்காரன் பாப்பான், 'இன்னாடி, கெழமைக்கு ஒருவாட்டி ஊதிப் போற'ன்னு கேப்பான். அம்மாவூட்டுச் சோறுன்னு சொல்லுவேன். வரும்போது ஒரே பொடவ. 'எளச்சிட்டியே'ம்பான். அக்கா வூட்டுல சோறு போடலன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

அப்போது அவருக்குப் பதினாலு, பதினைந்து வயது இருக்கும். அந்தப் புடவைகளை விற்றுத்தான் வீட்டில் உலை வைத்திருக்கிறார்கள். எழுபது வருஷமாக யாரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை, சொல்லக் கூடாத விஷயம் என்றே நினைத்திருந்தேன் என்றார். ரெக்கார்டரை எடுக்கலாமா என்று அக்கா கேட்டார். "எடு, எடு. உங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டு" என்றார் புடவைக்காரம்மா.

அதற்குப் பிறகு எங்களுக்கு நிற்க நேரமில்லை. அந்த வீட்டிலிருந்து செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. அடுத்த நாளே ஒருவர் வழிமறித்து, எங்க அப்பா கதையைக் கேட்கலையே என்றார். மண்ணெண்ணெய் கொண்டுவந்தவர்கள், அந்தாண்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் இந்தாண்டப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் படித்த அண்ணன் தம்பி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பங்கள், வில்லியனூர்ப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு மாதா சப்பரத்தைச் சாவடி தாண்டிக் கொண்டுபோன கிறிஸ்தவக் குடும்பம் என்று ஒவ்வொன்றாக வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அக்கா வருவார், இரண்டு மூன்று மாதம் இருப்பார். மற்ற மாதங்களில் நான் பேட்டிகளை எழுத்தாக்கி அனுப்புவேன். டியூஷன் பிள்ளைகள் குறைந்தார்கள். என் வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை.

நான்காவது வருஷம் முட்டுக்கட்டை வந்தது. எங்கள் ஊரில் பெரிய கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். கோயில் காரியம், ஏரிக் காரியம் எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். நல்ல மனிதர்தான், ஊர் மானம் என்றால் மட்டும் தாங்க மாட்டார். வெள்ளைக்காரம்மா நம்ம ஊரைக் கடத்தல்காரன் ஊர் என்று வெளிநாட்டில் எழுதப் போகிறார், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. எங்களைப் பற்றி வெளியாட்கள் எழுதினதை நாங்கள் எப்போது படித்திருக்கிறோம்?

கதவுகள் சாத்திக்கொண்டன. என்னைக் கண்டால்கூடப் பேச்சை மாற்றினார்கள். என் மாமியாரிடம் வந்து, உன் மருமகளைக் கொஞ்சம் அடக்கி வை என்று சொல்லிவிட்டும் போனார்கள். அக்காவிடம் நான், கரும்புக்காரரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாமா என்றேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பு எதற்கு என்றார் அக்கா. "அவருடைய கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் மன்னிப்பு இல்லை. வாசித்துக் காட்டுவதுதான்."

எழுதி முடித்திருந்த அத்தியாயங்களைத் தமிழில் பெயர்க்கச் சொன்னார். நானும் அவரும் உட்கார்ந்து வரி வரியாகச் செய்தோம். பிறகு அவரே நேராகக் கரும்புக்காரர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், ஆனால் என்னைப் பேச விடவில்லை. தன் தமிழிலேயே சொன்னார். இந்த ஊர் கேட்காத ஒரு வரிகூடப் புத்தகத்தில் வராது. ஞாயிற்றுக்கிழமை சமுதாய நலக்கூடத்தில் வாசிக்கப் போகிறோம். நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். வேண்டாம் என்கிற வரியை அங்கேயே அடித்துவிடுகிறேன். கரும்புக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மோர் கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடம் நிரம்பிவிட்டது. நியாயம் கேட்க வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. கரும்புக்காரர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன். புடவைக்காரம்மாவின் பகுதி வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. அவர் நடுவில் எழுந்து, நாலு புடவை இல்லை, ஒரு தடவை அஞ்சும் கட்டியிருக்கேன், எழுதிக்கோ என்று திருத்தினார். ஒரு இடத்தில் 'கடத்தல்' என்று வந்தது. அந்த வார்த்தை வேண்டாம் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். வேறு என்ன சொல்வீர்கள் என்று அக்கா கேட்டார். எடுத்துகினு வர்றதுதான் என்றார்கள். அக்கா அதையே எழுதிக்கொண்டார்.

வாசித்து முடித்தேன். எல்லாரும் கரும்புக்காரரையே பார்த்தோம். அவர் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அக்காவைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"எங்க அம்மா அந்தாண்ட ஊரு. கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரத்த வண்டியில ஏத்திகினு வந்தாங்க. பித்தளையெல்லாம் இந்தாண்ட வுட மாட்டேன்னு சாவடியில நிறுத்திட்டான். எங்க தாத்தா பாத்தாரு, முகூர்த்த நேரம் போவுது. பொண்ண மட்டும் இந்தாண்ட கொண்டாந்து, சாவடிக்குப் பக்கத்துல வேப்ப மரத்தாண்டயே தாலியக் கட்டிட்டாங்க."

கூடத்தில் அத்தனை பேரும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பாத்திரம் என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள்.

"வந்துச்சி. ஒவ்வொண்ணா வந்துச்சி. எங்க அம்மா பொறந்த வூட்டுக்குப் போவாங்க. வரும்போது இடுப்புல ஒரு கொடம், அதுல தண்ணி. தண்ணி எடுத்துகினு வர்ற பொம்பளய எவன் நிறுத்துவான்? கடைசியா அண்டா வந்து சேர்ந்தப்ப நானு பொறந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அம்மாவைப் பற்றி இவ்வளவு பேர் நடுவில் அவர் பேசுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் குடம் இப்போது இருக்கிறதா?

இருந்தது. ஆள் அனுப்பி எடுத்துவரச் சொன்னார். கழுத்துக்குக் கீழே அவருடைய அம்மாவின் பெயரும் அந்தாண்ட ஊரின் பெயரும் வெட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வழக்கம், அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அக்கா அந்த எழுத்துகளை விரலால் தடவிப் படித்தார். உடனே பெண்கள் பக்கத்தில் பேச்சு கிளம்பியது. எங்க வூட்லயும் இருக்குது, எங்க மாமியாரோடது, பரண்ல கெடக்குது என்று ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் கூடத்துத் தரையெல்லாம் குடமும் அண்டாவும் குத்துவிளக்கும். புளி போட்டு விளக்கினதும் விளக்காததும், ஒடுக்கு விழுந்ததும், ஈயம் பூசினதும். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர், ஒரு அந்தாண்ட ஊர். ஒவ்வொன்றும் எப்படி இந்தாண்ட வந்தது என்று சொல்ல ஒரு கதை. அக்கா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இருட்டும் வரை படம் எடுத்தோம், கேட்டோம், எழுதினோம். கரும்புக்காரர் எல்லாருக்கும் டீ சொன்னார். அடுத்த நாளிலிருந்து அவரே கூட வந்து வீடு காட்டினார்.

அந்தப் பாத்திரங்கள்தான் அக்காவின் உத்தியோகத்தையும் திருப்பிப் போட்டன. அடுத்த வருஷம் அவருடைய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இடம் மறுபடியும் காலியானது. மூன்றாவது தடவை விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தை என்னிடம் போனில் சொன்னபோது நான் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். எங்க ஊரே உங்களுக்காகப் பரண் ஏறியிருக்கிறது, நீங்கள் ஒரு விண்ணப்பம் போட மாட்டீர்களா என்று கேட்டேன். போட்டார்.

அங்கே தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு விரிவுரை ஆற்றிக் காட்ட வேண்டுமாம். அக்கா எங்கள் ஊரையும் தன் ஊரையும் அக்கம் பக்கமாக வைத்துப் பேசியிருக்கிறார். அரசாங்கம் கோடு போடுகிறது, குடும்பங்கள் அந்தக் கோட்டோடு எப்படி வாழ்வது என்று தாங்களே கண்டுபிடிக்கின்றன, அதிலும் பெண்கள்தான் முக்கால்வாசியைக் கண்டுபிடிக்கிறார்கள், அது ஒரு ஊர்க் கதை இல்லை என்பதுதான் அவருடைய பேச்சு. முடிந்ததும் குழுவில் ஒருவர், முன்பே ஒரு தடவை அவரை ஒதுக்கியவர், வயதானவர்களின் ஞாபகத்தை எப்படி ஆதாரம் என்று எடுத்துக்கொள்வது என்று கேட்டாராம். அக்கா படங்களைத் திரையில் போட்டிருக்கிறார். ஒரு குடம். அடுத்த குடம். அண்டா. விளக்கு. ஒவ்வொன்றின் கீழும் வெட்டியிருக்கிற பெயர், ஊர், அந்த ஊர் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று ஒரு சின்னப் படம். போட்டுக்கொண்டே போயிருக்கிறார். போதும், புரிகிறது என்று கேள்வி கேட்டவரே சொல்லும் வரைக்கும்.

செய்தி வந்த அன்று நான் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அக்கா தமிழில் சொன்னார், "தங்கச்சி, வேலை கிடைச்சிடுச்சி." நெல்லை அப்படியே விட்டுவிட்டு நான் தெருவுக்கு ஓடினேன். முதலில் சொன்னது கரும்புக்காரரிடம். அவர் நேரே கோயிலுக்குப் போய், அக்கா பேரில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டு வந்தார். என்ன நட்சத்திரம் என்று ஐயர் கேட்டதற்கு என் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டாராம்.

புத்தகம் வெளிவரும் நேரத்தில் இன்னொரு சின்னச் சண்டை. அட்டையில் இரண்டு பெயர் போட வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார், அவருடைய பெயரும் என்னுடைய பெயரும். பதிப்பாளர்கள், மொழிபெயர்த்து உதவியவர்களுக்கு முன்னுரையில் நன்றி சொல்வதுதான் வழக்கம் என்றார்கள். அவள் உதவியாள் இல்லை, பாதிக் கேள்விகள் அவள் கேட்டவை, அவள் பெயர் இல்லையென்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அக்கா சொல்லிவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது. அட்டையின் படம் போனில் வந்த பிறகுதான் தெரியும். என் கணவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன் அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார், அங்கிருந்து டீக்கடைக்குப் போனார். சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார்.

தமிழ்ப் பதிப்பை அதே கூடத்தில் வெளியிட்டோம். வாசலில் வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்து, கல்யாணம் மாதிரி ஏற்பாடு. கரும்புக்காரர் தன் அம்மாவின் குடத்தை மேடையில் வைக்கச் சொன்னார். புடவைக்காரம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்து முன்னால் உட்கார வைத்தோம். முதல் பிரதி அவருக்கு. படிக்கத் தெரியாது, ஆனாலும் பக்கத்தைப் புரட்டித் தன் படத்தைக் கண்டுபிடித்து, "எங்கம்மா மாதிரியே இருக்கேன்" என்றார்.

அக்கா பேசினார். வந்த புதிதில் பேசிய தமிழ் இல்லை. எங்கள் பேச்சு. "நானு மொதல்ல வந்தப்ப இன்னா கேக்குறதுன்னே தெரியல" என்று ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டி அடங்கவே நேரமாயிற்று. தன் வீட்டுப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் பேச முடியாத ஒரு வீட்டிலிருந்து வந்தவர், உலகத்தின் இன்னொரு மூலையில், யார் வீட்டுப் பேச்சிலோ, மைக் முன்னால் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, தன் ஊர்ப் பேச்சில் நாலு வாக்கியம் பேசினார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லாரும் கைதட்டினோம்.

மறுநாள் காலை அவர் கிளம்ப வேண்டும். வாசலில் வாடகைக் கார் நின்றது, பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. பின்னால் ஏழெட்டுப் பேர், மணப்பட்டு மீனவர்கள். நேற்றைய விழாவுக்கு வந்திருந்த ஒருவர் புத்தகத்தைக் கொண்டுபோய்த் தெருவில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர்களில் மூத்தவர் இறங்கி வந்து, கும்பிட்டுவிட்டு, குறையைச் சொன்னார். ரோடு எழுதியிருக்கீங்க, ஆறு எழுதியிருக்கீங்க, கடலை விட்டுட்டீங்களே என்றார்.

"கடல்ல ஏதுங்க சாவடி? எங்க அப்பா ராவோட ராவா கட்டுமரத்துல கடலூர் போய்ட்டு வருவாரு."

கார்க்காரர் மணியைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கைப்பையைத் திறந்து ரெக்கார்டரைத் தேடிக்கொண்டிருந்தார். விமானம் ராத்திரிதானே என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு டாடா ஏஸின் முன்சீட்டில் ஏறி, முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் மீனவர்களோடு ஏறி நின்றேன். வண்டி மணப்பட்டுக்குத் திரும்பியது. காருக்குள் பெட்டியோடு தனியாக டிரைவர் எங்கள் பின்னாலேயே வந்தார்.